மாமாவின் முகத்தில் தீட்டிய பெயிண்ட்

எங்கள் மாமாவுக்கு அம்மா பேசி வைத்திருந்த சம்பந்தத்தைக் கெடுத்தவள் நான். இதைக் கேட்டுவிட்டு என்னைப் பெரிய சதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது எனக்கு ஒன்பது வயது. கையில் இருந்த ஆயுதம் ஆறு சின்ன டப்பா பெயிண்டும் இரண்டு பிரஷ்ஷும் மட்டுமே.

நாலாம் வகுப்புப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை விட்டிருந்த நேரம். பள்ளிக்கூடத்தில் மயில் படம் வரைந்து பரிசு வாங்கியிருந்தேன். பரிசு ஒரு சோப்பு டப்பாதான் என்றாலும், அதற்குப் பிறகு நான் தரையில் நடக்கவில்லை. கலர் பென்சில் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, எனக்குப் பெயிண்ட்தான் வேண்டும் என்று அப்பாவை, எங்கள் பக்கத்துப் பேச்சில் நைனாவை, நச்சரித்து எடுத்தேன். நைனாவுக்கு விஜயபுரம் பக்கத்தில் கொஞ்சம் வேர்க்கடலை, கொஞ்சம் நெல். மோட்டாருக்கு வாஷர் வாங்க நகரிக்குப் போனவர், அந்த இரும்புக் கடையிலேயே பெயிண்டையும் கேட்டுவிட்டார். பிள்ளைகள் தீட்டுகிற பெயிண்ட் நோட்டுப் புத்தகக் கடையில் கிடைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அறிந்த பெயிண்ட் கதவுக்கும், பொங்கலன்று மாட்டுக் கொம்புக்கும் அடிப்பது. கடைக்காரர் ஆறு நிறத்தில் குட்டிக் குட்டி எனாமல் டப்பாக்களை எடுத்துக் கொடுத்து, வெயில் மழை எதற்கும் போகாது என்று வாயால் உத்தரவாதமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எனக்கு டப்பாக்களை விட அந்த உத்தரவாதம் பிடித்துப்போயிற்று.

முதல் இரண்டு நாட்கள் வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அம்மாவின் முறத்தில் கிளி வரைந்தேன். கிளி கத்தரிக்காயாக வந்தது. ஆறு நிறத்தையும் கலந்தால் ஏழாவதாக ஒரு அபூர்வ நிறம் பிறக்கும் என்று கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கலக்கினேன். சாணி நிறம் வந்தது. பிரஷ்ஷைத் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்தேன். மறுநாள் காலை அது ஈர்க்குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது. சிவப்பு டப்பாவைக் காலால் தட்டிவிட்டு, அது தெரியாமல் அடுப்படி வரைக்கும் நடந்து போனேன். தரையெல்லாம் சிவப்புக் காலடி. அம்மா ரத்தம் என்று நினைத்துக் கூக்குரல் போட்டாள். பெயிண்ட் என்று தெரிந்ததும் போட்ட கூக்குரல் அதைவிடப் பெரிது. நைனாதான் குறுக்கே வந்தார்.

"வுடு, புள்ள கத்துக்கினு கீது" என்றார்.

அவர் வாங்கி வந்த பொருள் அல்லவா, வேறு என்ன சொல்வார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், தம்பியைத் தூக்கி வளர்த்ததும் படிக்க வைத்ததும் அம்மாதான். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில், பெயிண்ட் செக்‌ஷனில் மாமாவுக்கு வேலை. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, லீவு கிடைத்தால் பைக்கில் வீட்டுக்கு வருவார். முப்பது வயது நெருங்கிவிட்டது. தம்பிக்கு ஒரு கல்யாணம் பண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு கனவே கிடையாது. ஏற்கெனவே இரண்டு இடம் கைக்கு வந்து நழுவியிருந்தது. மூன்றாவதாகப் பாலசமுத்திரத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண். புதன்கிழமை காலை பெண் வீட்டார் மாப்பிள்ளையையும் வீட்டையும் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு முதல் நாள் செவ்வாய்க்கிழமை, திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை, அம்மன் கோயில் திருவிழா.

மாமாவுக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்து உயிர் பிழைப்பதே சந்தேகமாக இருந்ததாம். பிழைத்தால், கல்யாணம் ஆகிற வரைக்கும் வருஷா வருஷம் ஜாத்திரைக்கு வேஷம் கட்டி அனுப்புகிறேன் என்று அவருடைய அம்மா கங்கம்மாவுக்கு மொக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வேண்டுதலை அம்மா ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. ஜாத்திரை வாரத்தில் திருப்பதியில் மீசை வைத்த ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு போவதை யாரும் சிரித்துப் பார்க்க மாட்டார்கள். எங்கள் மாமாவும் அம்மாவின் அரக்குப் புடவையில், முகத்தில் மஞ்சளும் குங்குமமும் பூசி, கன்னத்தில் புள்ளி வைத்துக்கொண்டு போவார். கல்யாணம் கூடிவிட்டால் இதுதான் கடைசி வேஷம். அதனால் இந்த வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள்.

போன வருஷம் நன்றாக இல்லை. சித்திரை வெயிலில் வேர்த்து, குங்குமம் வழிந்து கழுத்துக்கு வந்து, கோயிலை எட்டுவதற்குள் மாமா அடிபட்டவரைப் போல ஆகிவிட்டார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என்னிடமோ வெயில் மழைக்குப் போகாத பெயிண்ட் இருந்தது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அம்மா வேப்பிலை ஒடிக்கப் போன சமயம் பார்த்து, புடவை கட்டி உட்கார்ந்திருந்த மாமாவின் முன்னால் டப்பாக்களை வரிசையாக வைத்தேன்.

"மாமா, இந்த வாட்டி குங்குமம் வேணா. நான் பெயிண்ட் தீட்டறேன். எவ்ளோ வேர்த்தாலும் வழியாது."

மாமா ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு விரலில் கொஞ்சம் தொட்டு, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்தார். மறுபடி டப்பாவை மோந்தார்.

"இது காஞ்சா போகாதா?"

"போவவே போவாது. கடக்காரரே சொல்லி கீறாரு."

"நெசமாவா?"

"சத்தியமா."

மாமா ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை மூடி, முகத்தை என் பக்கம் நீட்டினார்.

"அப்போ நல்லா தீட்டு. கண்ணு பக்கத்துல மட்டும் வராத."

என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய நம்பிக்கையை யாரும் என்மேல் வைத்ததில்லை. நெற்றி முழுக்கச் சிவப்பு, அதன் நடுவில் மஞ்சள் பிறை, புருவத்துக்கு மேல் பச்சைப் புள்ளிகள், இரண்டு கன்னத்திலும் என்னுடைய பரிசு மயிலின் தோகையில் இருந்த நீலக் கண்கள் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு தீட்டினேன். வேப்பிலையோடு உள்ளே வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தால், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தாவே வந்து குந்திக்கினு கீற மாதிரி கீதே! டேய், இது போய்டுமாடா?"

"குளிச்சா போய்டும்க்கா" என்றார் மாமா.

எனக்கு அவமானமாக இருந்தது. இப்போதுதானே சத்தியம் செய்து கொடுத்தேன், அதற்குள் என் பெயிண்டை இவர் குறைத்துப் பேசலாமா?

திருப்பதியில் அன்றைக்கு நான்தான் ராணி. கூட்டத்தில் எல்லா முகமும் வழிந்துகொண்டிருந்தது. கரி பூசியவர்கள் சாம்பல் நிறமாகியிருந்தார்கள், குங்குமம் பூசியவர்களின் சட்டையெல்லாம் சிவந்திருந்தது. எங்கள் மாமாவின் முகத்தில் மட்டும் ஒரு புள்ளி அசையவில்லை. ஒரு தெலுங்கு அம்மாள், "எந்த பாகுந்தோ!", எவ்வளவு அழகு, என்று மோவாயில் கை வைத்து வியந்தார். யார் போட்டது என்று கேட்டார். மாமா என்னைக் காட்டினார். முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கங்கம்மாவுக்கு முன்னால் அம்மா கண்ணீரோடு கை கூப்பி, நாளைக்கு வருகிற காரியத்தை நல்லபடியாக முடித்துக்கொடு தாயே என்று வாய்விட்டு வேண்டினாள். பக்கத்தில் நின்ற மாமாவும் ஏதோ முணுமுணுத்து வேண்டினார். அம்மாவைவிட அதிக நேரம் வேண்டினார்.

சாயங்காலம் வீடு திரும்பி, மாமா கை பம்பு அடியில் உட்கார்ந்தார். நான் பெருமையோடு பம்பு அடித்தேன். சோப்பு போட்டார், போகவில்லை. சீயக்காய் போட்டார், போகவில்லை. அம்மா தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து கன்னத்தில் தேய்த்தாள். நீலம் கொஞ்சம் இளகிப் பச்சையோடு சேர்ந்து காதுவரைக்கும் பரவியது. கடலை மாவு, தேங்காய் நார், உப்பு என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் மாமாவின் முகம் அன்றைக்குப் பார்த்துவிட்டது. மயில் போய்விட்டது. ஆனால் நிறம் போகவில்லை. நான் முன்பு கொட்டாங்கச்சியில் கண்டுபிடித்த ஏழாவது நிறம்தான் இப்போது மாமாவின் முகம் முழுக்க இருந்தது.

"நாள் பூரா பெயிண்ட்லயே நிக்கற, ஒனக்கு தெரியாதாடா இது போவாதுன்னு?" அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கம்பெனி பெயிண்ட் வேறக்கா. இது புள்ளைங்க பெயிண்ட். எனக்கு எப்படி தெரியும்?"

"அத தொடைக்க ஏதோ தண்ணி கீதும்பியே?"

"தின்னரா? அது கம்பெனில கீது. இப்போ எங்க போறது?"

நகரி கடையில் இருக்குமே என்று நைனா கிளம்பினார். ஜாத்திரைக்குக் கடை மூடியிருக்கும் என்று மாமா தடுத்துவிட்டார். நான் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பெயிண்ட் போகாது என்று சத்தியம் செய்தவள் நான். அந்தச் சத்தியம் இப்படிப் பலிக்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெண்ணின் அப்பாவும் பெரியப்பாவும் வந்து சேர்ந்தார்கள். அம்மா கேசரி கிண்டி வைத்திருந்தாள். தம்பி ஜாத்திரைக்குப் போய்வந்த அலுப்பில் படுத்திருக்கிறான், காய்ச்சல் மாதிரி இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவள் தயாராக வைத்திருந்த பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, உள்ளேயிருந்து மாமா காபி தம்ளர்களை ஏந்திக்கொண்டு தானாகவே வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதற்கு மேல் சாணி நிறத்தில் ஒரு முகம், பச்சைப் புருவம். பெண்ணின் அப்பா தம்ளரை வாங்கக் கையை நீட்டி, நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். எனக்கு மாமாவின் தைரியத்தை நினைத்துப் புல்லரித்தது.

"இந்தச் சனியன் பண்ண வேலைங்க" என்று அம்மா என்னைக் காட்டினாள். "ஜாத்திரைக்கு வேஷம் போட்டது. வெறும் பெயிண்ட்டுங்க. ரெண்டு நாள்ல போய்டும்."

பெரியப்பா மட்டும் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. எழுந்து வந்து மாமாவின் நெற்றியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வேசம் எறங்கலயேம்மா" என்றார். "ஆத்தா இன்னும் பையன வுடல. வேசத்தோட கீறவன்கிட்ட போய் கல்யாணப் பேச்சு பேசலாமா?"

"அய்யோ, நகரி கடையில வாங்கினதுங்க இது!"

"எந்தக் கடையில வாங்கினா இன்னா? அவ நெனைக்காம ஒட்டுமா?"

அம்மா திகைத்துப்போய் மாமாவைப் பார்த்தாள், ஏதாவது சொல்லேன் என்பதுபோல. மாமா தலையைக் குனிந்துகொண்டு, "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். காபியை மட்டும் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் கிளம்பிப் போனார்கள். அப்படிப் போகிறவர்கள் சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்பது அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை தெரிந்த விஷயம்.

அம்மா என்னை அடித்தாள். முதுகில் இரண்டு. அது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடித்து முடித்துவிட்டு, அந்தக் கேசரிச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து, "எங்கம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்" என்று மெதுவாகக் கேட்டாளே, அதுதான் தாங்கவில்லை. அன்று முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. ஆறு டப்பாக்களையும் எடுத்துப்போய் எருக்குழியில் கவிழ்த்தேன். குழியைக் கிளறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கோழி நீலக் காலோடு ஓடி, அதற்கு வேறு ஒரு பஞ்சாயத்து வந்தது.

மாமா ஒருவர்தான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவு செய்த பிறகும் திட்டாதவர், எவ்வளவு மனம் உடைந்திருந்தால் இப்படிப் பேசாமல் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை மத்தியானம் வைக்கோல் போரின் பின்னால் படுத்திருந்த என்னைத் தேடி வந்து, முகத்துக்கு மருந்து வாங்கச் சத்தியவேடு போகலாம், வா என்று எழுப்பினார். நகரியில் இல்லாத மருந்தா சத்தியவேட்டில் இருக்கிறது என்று நைனா கேட்டதற்கு, கம்பெனிக்காரர்கள் அங்கேதான் வாங்குவார்கள் என்றார். ஒன்றரை மணி நேரம் பைக்கில் போனோம். வழியெல்லாம் எதிரில் வந்தவர்கள் திரும்பித் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவரோ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அழுகையை அடக்கத்தான் பாடுகிறார் என்று நினைத்தேன்.

சத்தியவேடு பஸ் ஸ்டாப்பில் மருந்துக் கடை எதிரிலேயே இருந்தது. ஆனால் நாங்கள் அதற்குள் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து யூனிபார்ம் போட்ட ஒரு அக்கா இறங்கி, நேராக எங்களிடம் வந்தார். வேலை முடிந்து அங்கிருந்து ஊத்துக்கோட்டை பஸ் பிடிப்பாராம். கழுத்தில் அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாங்க இது கோலம்! போன்ல சொன்னப்போ நான் நம்பவே இல்ல."

மாமாவும் சேர்ந்து சிரித்தார். அந்த அக்கா குனிந்து என் முகத்தைப் பார்த்து, "நீதான் தீட்டினியா?" என்று கேட்டதுதான் தாமதம், இரண்டு நாளாக அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நான் வேணும்னு பண்லக்கா. பெயிண்ட் வழியக் கூடாதுன்னுதான் பண்ணேன். என்னாலதான் மாமாவுக்குக் கல்யாணம் நின்னு போச்சு. அம்மா சோறு கூட துன்னல."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா உடனே எதிரில் நின்ற பஸ்ஸின் போர்டைப் படிக்க ஆரம்பித்தார்.

"குழந்த மேலயா பழிய போட்டீங்க?" என்று மட்டும் அக்கா கேட்டார். மாமா அந்தப் போர்டை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

பிறகு அந்த அக்கா என்னைக் கூட்டிப்போய் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். நகத்து இடுக்கில் பெயிண்ட் ஒட்டியிருந்த என் விரல்களைத் தம் மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். "ஒன் மேல ஒரு தப்பும் இல்லடா கண்ணு" என்றார். அம்மா எப்படி இருக்கிறாள், ரொம்ப அழுதாளா, என்னவெல்லாம் சொன்னாள் என்று ஒன்று விடாமல் விசாரித்தார். கேட்கக் கேட்க அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஊத்துக்கோட்டை பஸ் வந்ததும் ஏறி, ஜன்னல் வழியாக எனக்குக் கை ஆட்டினார். மாமா பஸ் மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்பின் தெரியாத எங்கள் அம்மாவுக்காகக் கண் கலங்குகிறாரே, இப்படியும் ஒரு நல்ல மனசா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பைக்கில் திரும்பும்போது நெடுநேரம் யோசித்தேன். கெடுத்தவளே சரி செய்ய வேண்டும் என்று முடிவு கட்டி, மாமாவின் காதருகே எக்கிக் கேட்டேன்.

"மாமா, அந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆய்டுச்சா?"

"இல்ல. ஏன்?"

"நீ அவங்களையே பண்ணிக்கியேன். வேணும்னா நான் அம்மாகிட்ட பேசறேன்."

மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். ஹேண்டில்பாரின் மேல் தலையைச் சாய்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவ்வளவு அருமையான பெண் தனக்கெல்லாம் கிடைப்பாளா என்றுதான் சிரிக்கிறார், பாவம், மனசே விட்டுப்போய்விட்டது இவருக்கு என்று நினைத்தேன். நானாவது தைரியமாக இருக்க வேண்டும் என்று அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.